பாறைக்குழிக்குள் கத்துகிறவர்கள்

என் மனைவி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன். கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் கேட்டால், “தண்ணிக்கு அடியில செல்போன் மாதிரிங்க” என்பேன். பேங்கில் கேட்டால், “கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்க.” சலூனில் கேட்டால், “மீனுக்கு வைஃபை.”

மூன்றாவது பதில்தான் ஊர் முழுக்கப் பரவியது. ஒரு பண்டிகை நோம்பிக்கு சேவூரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவளை வாசலிலேயே நிறுத்தி, “ஏனம்மிணி, மீனுக்கெல்லாம் ரீசார்ஜ் யாரு பண்ணுவாங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அன்று திரும்பி வரும் வழி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பேசாமல் வந்த பயணங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதனால் அது நன்றாக நினைவிருக்கிறது.

அவள் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நான் பவர் டேபிள் வைத்திருக்கிறேன். திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நீளமான ஒரு மேசையில் வரிசையாகத் தையல் மெஷின்கள், ஒரே மோட்டார், வெட்டிக் கொடுத்த துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் கூலி வேலை. கீழே மெஷின், மேலே வீடு. நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், வாயில் வந்ததையெல்லாம் பேசுவேன். அவள் நேர் எதிர். நூறு பக்கம் படித்துவிட்டு ஒரு வரி பேசுவாள். அந்த ஒரு வரியும் “அந்த ஃபேன நிறுத்துங்க” என்பதாக இருக்கும்.

அவளுடைய பி.எச்டி. எங்கள் வீட்டில் ஒரு ஒறம்பரை மாதிரி வந்து தங்கிவிட்டது. ரெண்டு நாளில் போகிற விருந்தாளி இல்லை. துணிமணியோடு வந்து, அலமாரியில் ஒரு தட்டைப் பிடித்து, நம் சோற்றையே தின்றுகொண்டு, நம்மையே குறை சொல்லும் வகை. பதிவு செய்த காலம் முடிந்து, கேட்டு வாங்கிய நீட்டிப்பும் முடியப் போகிற நிலைமை. அந்த மாதக் கடைசிக்குள் அவளுடைய கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருடமும் ஒன்றுமில்லாமல் போகும்.

கைடு கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கு இருக்கும் எல்லாக் கெட்ட குணமும் உண்டு: சொன்ன தேதியில் வருவார், கொடுத்ததைப் படிப்பார், படித்ததை ஞாபகம் வைத்திருப்பார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இன்றும் அடிக்கடி எடுத்து விடுகிறேன். “கம்ப்யூட்டருக்குள்ள எல்லாருமே நல்லா நீந்துவாங்கம்மா. தண்ணியில போட்டுக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்.”

விஷயம் இதுதான். கடலோ ஏரியோ, அடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சின்னச் சின்னக் கருவிகளை வெவ்வேறு ஆழத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் நோடு. செல்போன் அலையெல்லாம் தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்திலேயே செத்துப் போகும். தண்ணீருக்குள் தூரம் போவது சத்தம் மட்டும்தான். ஆகவே அந்தக் கருவிகள் ஒன்றையொன்று சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அடியில் இருப்பது கத்தினால் நடுவில் இருப்பதற்குக் கேட்கும். நடுவில் இருப்பது கத்தினால் மேலே மிதப்பதற்குக் கேட்கும். மேலே மிதப்பது கரையில் இருக்கும் லேப்டாப்புக்குச் சொல்லும்.

இதில் வம்பு என்னவென்றால், கத்துவதற்கு பேட்டரி செலவாகும். தண்ணீருக்குள் முங்கிப் போய் பேட்டரி மாற்ற யாரும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் சொன்னதும் யாருக்கும் புரியாது. பழைய முறையில் ஒரு செய்தி கிடைத்தால், மேலே இருப்பவன் எவனோ அவனே திருப்பிக் கத்துவான். ஒவ்வொரு தடவையும் அதே ஆள் கத்திக் கத்தி முதலில் சாவான். என் மனைவியின் முறையில் ஆழத்தோடு கூட, எவனிடம் எவ்வளவு பேட்டரி மிச்சம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். தெம்பு உள்ளவன் முதலில் கத்துவான். அது காதில் விழுந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். யார் பேச வேண்டும், யார் சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்குத்தான் இத்தனை வருடப் படிப்பு.

அவள் இதை எனக்குச் சொன்ன அன்று நான் மிகவும் சந்தோஷப்பட்டேன்.

“அட, இது நம்ம டேபிள்ல நடக்கறதுதானே. கடைசி மெஷின்ல நூலு தீந்தா அந்தக்கா கத்தும், நடுவுல இருக்கறவங்க வாங்கிக் கத்துவாங்க, எனக்குக் கேக்கும். எப்பவும் நடு மெஷின்காரம்மாவே கத்தி அதுக்குத் தொண்ட கட்டிப் போயிருச்சு.”

“உங்களுக்கு எதச் சொன்னாலும் டேபிள்ல கொண்டுபோய் நிறுத்திருவீங்களாங்க?”

“பின்ன? எனக்குத் தெரிஞ்ச எடம் அதானே.”

“அப்ப உங்க டேபிள்ல வாய மூடிட்டு இருக்கறவங்க யாரு?”

எங்கள் டேபிளில் அப்படி யாரும் வேலைக்குச் சேர்ந்ததே இல்லை.

கைடு தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டார். தண்ணீருக்கு எங்கே போவது? கடல் ரொம்ப தூரம். குளத்தில் முழங்கால் ஆழம். மடத்துக்குளம் பக்கத்தில் என் சித்தப்பா தோட்டத்துக் கிணறு ஒன்று உண்டு. ஆனால் அதில் நோடுகளை இறக்கினால் ஒன்றன் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், கத்தவே வேண்டாம், கிசுகிசுத்தாலே போதும். கடைசியில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பாறைக்குழி கிடைத்தது. கல் உடைத்து உடைத்து, உடைக்கக் கல் இல்லாமல் போனபின் மழைத் தண்ணீர் நின்று, அடி தெரியாத பச்சை நிறத்தில் கிடந்தது. குழிக்குச் சொந்தக்காரர் ஒரு அக்கா. கரையில் குடை பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தண்ணீர் எடுக்க வரும் டேங்கர் லாரிகளை மேற்பார்வை பார்ப்பார்.

“கல்லு வித்தோம், தம்பி. கல்லு தீந்துபோச்சு. இப்ப குழிய வித்துட்டு இருக்கறோம்” என்றார். இந்த ஊரின் முழுச் சரித்திரத்தையும் இதைவிடச் சின்னதாக யாரும் சொன்னதில்லை.

என் மனைவி தன் ஆராய்ச்சியைப் பொறுமையாக விளக்கினாள். அக்கா முழுவதும் கேட்டார்.

“செரி கண்ணு. உள்ள எறக்கறதெல்லாம் திரும்ப மேல வந்துருமா?”

“வந்துருங்க்கா.”

“அப்பப் போடு. எங்க ஊட்டுக்காரரு கைக்கடியாரம் இதுக்குள்ளதான் கெடக்குது. அது தெரிஞ்சாலுஞ் சொல்லு.”

நோடுகள் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. மூடி அடைத்த பிளாஸ்டிக் குழாய், அதற்குள் பேட்டரி, ஒரு சின்ன போர்டு, சத்தம் போடவும் கேட்கவும் ஒரு வட்டத் தகடு, ஆழம் பார்க்க ஒரு சென்சார், தண்ணீரின் சூடு பார்க்க இன்னொன்று. மேலே இழுத்துப் பிடிக்கக் காலி தண்ணீர் பாட்டில்கள், கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கல். கல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு நீளம் விட்டுக் கட்டுகிறோமோ, அடியிலிருந்து அவ்வளவு உயரத்தில் நோடு நிற்கும். இறக்கும் வேலைக்கு, எங்கள் டேபிளில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போய்விட்டு நேராகக் குழிக்கு வந்துவிடுவார். லாரி டியூபில் உட்கார்ந்து, குழியின் நடுவில் ராஜா மாதிரி மிதந்துகொண்டு, “மதினி, இத எங்கன விடணும்? இங்கனயா, அங்கனயா?” என்று கத்துவார்.

கட்டியதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எதைக் கட்டுவதற்கும் பனியன் பட்டைதான். வெட்டு மேசையில் மிஞ்சும் துணியை நீளநீளமாகக் கிழித்து ஒரு இழு இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். வண்டியில் மூட்டை கட்டுவது அதில்தான். கேட்டுக்குத் தாழ்ப்பாள் அதுதான். தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுப்பது, ஆட்டைக் கட்டுவது, தேர்தலுக்குத் தேர்தல் கம்பத்தில் தட்டி கட்டுவது எல்லாம் அதில்தான். பக்கத்துச் சந்தில் ஒருவர் தன் கண்ணாடியின் காலையே அதில்தான் கட்டியிருந்தார். கயிறு என்ற பொருளைக் கடைக்குப் போய் வாங்குகிறவனை எங்கள் பக்கம் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எனவே நோடுகளுக்கும் பனியன் பட்டை. கீழே மெஷின் அறையில் உட்கார்ந்து என் மனைவியே கட்டினாள். லேடீஸ் டீ-ஷர்ட் கழுத்துக்கு வரும் ரிப் துணி, லைக்ரா கலந்தது, நல்ல பலம். ஒவ்வொன்றையும் இன்ச் டேப் வைத்து அளந்தாள். ஏற்றுமதித் துணி வாங்கும் பையர் வந்து பார்ப்பது போலத் தப்பில்லாமல் அளந்தாள். முடிச்சை நான் இழுத்துப் பார்த்தேன். ஓவர்லாக் டெய்லர் இழுத்துப் பார்த்தார்.

“யானையக் கட்டலாம் மதினி” என்றார்.

மூன்று பேரும் அறுந்துபோகுமா என்று மட்டும்தான் பார்த்தோம்.

முதல் நாள் காலையில் எல்லாம் அருமையாக நடந்தது. அக்கா மோட்டாரை நிறுத்திக் கொடுத்தார், ஏனென்றால் மோட்டார் சத்தத்தில் நோடுகள் பேசுவது கேட்காது. லேப்டாப்பில் வரிசையாக எண்கள் வந்தன. குழியின் அடியில் இருந்த நோடு கத்தியது நடுவில் இருந்ததற்குக் கேட்டு, அது கத்தியது மேலே கேட்டு, கரைக்கு வந்து சேர்ந்தது. என் மனைவி நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்து நின்றால் மற்றவர்கள் துள்ளிக் குதித்ததற்குச் சமம். நான் போய் எல்லோருக்கும் போண்டா வாங்கி வந்தேன்.

போண்டா தீருவதற்குள் அடி நோடு ஊமையாகிவிட்டது.

சாயங்காலம் வரை பார்த்தோம். மேலே இருந்தவை ஒன்றோடொன்று ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தன. அடியில் இருந்ததிடமிருந்து சத்தமே இல்லை. மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். அப்போதும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே.

யார் மேல் பழி போடுவது என்பதில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. முதலில் மோட்டார். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தார். டேங்கர் டிரைவர் ஒருவர் கரையில் நின்று என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டீச்சரு தண்ணிக்கு டியூசன் எடுக்கறாங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மோட்டார் இல்லாமலும் அடி நோடு பேசவில்லை.

அடுத்தது மீன். “ஜிலேபி கெண்ட கடிச்சிருக்கும் மதினி. அதுக்கு வயரு, பாட்டிலுன்னு இல்ல, எதக் கண்டாலும் கடிக்கும்” என்றார் டெய்லர்.

அதற்கும் அடுத்தது நான்.

“நீங்க அந்தப் பக்கம் நின்னு ஓயாமப் பேசிட்டே இருந்தா எதுக்குத்தான் கேக்கும்?”

“ஏனம்மிணி, நான் கரையில பேசறது குழிக்கு அடியிலயா கேக்கும்?”

“நீங்க பேசறது சேவூர் வரைக்குங் கேக்கும்.”

சிரிக்கிற மாதிரி சொன்னாளே தவிர, அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இது வராதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தர்லாமுங்களா?” என்று கேட்டாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான் அன்று, “சோறு போடட்டுமா?” என்றேன். அவள் சாப்பிட்டாள். அது ஒரு நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் காபி கொண்டுபோனபோது லேப்டாப் திறந்திருந்தது. நோடுகள் சொன்ன ஆழங்களைக் கோடு கோடாக வரைந்து வைத்திருந்தாள். மேலே இருந்த நோடுகளின் கோடு மேலேயே இருந்தது. அடியில் இருந்ததன் கோடு கொஞ்ச தூரம் வந்து, பேச்சு நின்ற இடத்தில் முடிந்துபோயிருந்தது. நடுவில் இருந்தவற்றின் கோடுகள்தான் விசித்திரம். மெதுவாக, வெட்கமில்லாமல், மேலே ஏறிக்கொண்டே போயிருந்தன.

“நடுவுல ஒருத்தரும் இல்லீங்க. அல்லாரும் மேல போயிட்டாங்க. அடியில இருக்கறவன் கத்துனா, எட்டுற தூரத்துல கேக்கறதுக்கு ஆளு இல்ல.”

“கம்பெனியில புரமோஷன் ஆனா அப்படித்தானே அம்மிணி.”

“கொஞ்சம் சும்மா இருங்க. ஆழம் பாக்கற சென்சாரு பூராவுமா ஒரே நேரத்துல கெட்டுப்போகும்? அப்படிக் கெடாது. இதுக நெசமாவே மேல போயிருக்குது.”

அப்படியே கிளம்பினோம். டெய்லரை மெஷினில் இருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நடுவில் இருக்க வேண்டிய ஒரு நோடைத் தேடி அவர் டியூபில் போனார். முங்கிப் பார்க்க வேண்டிய வேலையே வரவில்லை. அது தண்ணீருக்கு மேலே முகத்தைக் காட்டிக்கொண்டு, அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் பட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்தார். இன்னும் இழுத்தார்.

“அண்ணாச்சி, இது வந்துக்கிட்டே இருக்கே! கல்லக் காணல!”

கரைக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி இன்ச் டேப்பை எடுத்தாள். அவள் அளந்து கட்டிய நீளத்தைவிடப் பட்டை இன்னொரு பாதிக்கு மேல் நீண்டிருந்தது. ஈரத்தில் ஊறி, மேலே பாட்டில்கள் விடாமல் இழுக்க, கீழே கல் விடாமல் பிடிக்க, ரிப் துணி தன் தர்மப்படி நீண்டுகொண்டே போயிருக்கிறது. நீளமான பட்டை அதிகம் நீண்டது. அதனால் நடுவில் இருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. அடியில் இருந்ததற்குச் சின்னப் பட்டை, அது அதிகம் நீளவில்லை. அதனால் அது மட்டும் அங்கேயே அனாதையாக நின்று கத்தியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்திலேயே பிறந்த பெண் அவள். பனியன் தைப்பவன் நான். லட்சக்கணக்கில் கழுத்து ரிப் இழுத்து வைத்துத் தைத்த கை அந்த டெய்லருடையது. எந்தத் துணி வந்தாலும் முதல் கேள்வியாக, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எவ்வளவு நீளும் என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே கத்தரியே எடுப்பார்கள். மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. பட்டை என்றால் எங்களுக்குத் துணி இல்லை. அது காற்று, தண்ணீர் மாதிரி, கூடவே இருக்கும் ஒன்று. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

முதலில் சிரித்தவர் குடைக்குக் கீழே இருந்த அக்கா.

“ஜட்டி எலாஸ்டிக்குல கட்டி எறக்கிப்போட்டு, எம் மோட்டாரக் கொற சொல்லிட்டிருந்தியா கண்ணு?”

அதன்பிறகு என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அன்று வீட்டில் எங்களுக்குள் ஒரு சண்டை. நடந்ததைக் கைடிடம் அப்படியே சொல்லப் போவதாகச் சொன்னாள். அது மட்டுமில்லை, ஆராய்ச்சிப் புத்தகத்திலும் எழுதப் போகிறாளாம்.

“எதுக்கு? நல்ல கயிறு கட்டி, நல்லா வந்ததக் காட்டு. பனியன் பட்டையில கட்டுனோம்னு எழுதுனா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நடுவுல இருக்கறது நகந்து போனா என் முறை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுது. தெரிஞ்சத எழுதாம விடறதுக்கு நான் எதுக்குங்க இத்தன நாளு படிச்சேன்?”

“திருப்பூரு மானம் போயிரும்.”

“அது நீங்க மீனுக்கு வைஃபைன்னு சொன்னபோதே போயிருச்சு.”

கைடுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டது என் வற்புறுத்தலால். ஒன்று விடாமல் சொன்னாள்.

“என்ன துணிம்மா?”

“லைக்ரா ரிப்பு சார்.”

“ஓகோ” என்றார். “கம்ப்யூட்டர்ல நீங்க போட்ட மாடல்ல கயிறு நீளுமா?”

“நீளாது சார். கயிறே இல்ல சார் அதுல. நோடு அந்தந்த எடத்துல அப்படியே நிக்கும்.”

“அப்ப அதையும் எழுதுங்க. வர்ற வெள்ளிக்கிழமை நானே வர்றேன். பழைய முறை, உங்க முறை ரெண்டையும் என் கண் முன்னால ஓட்டிக் காட்டணும். அடியில இருந்து செய்தி வரலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா, அதுல மாற்றம் இல்ல. அப்புறம், தயவுசெஞ்சு கடையில போய் ஒரு கயிறு வாங்குங்க.”

நைலான் கயிறு வாங்க நானே போனேன். கடைக்காரர் என்னை வெகுகாலமாகத் தெரிந்தவர். “ஏனுங்க, பவர் டேபிள மூடிட்டீங்களா?” என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கைடு பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு வந்து பாறையில் வழுக்கினார். டெய்லரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை நாற்காலி வரை கொண்டுவந்து சேர்த்தோம். அந்த நாற்காலியை அக்கா மனசில்லாமல்தான் கொடுத்தார். காலையில் பழைய முறையை ஓட்டினார்கள். மேலே இருந்த ஒரு நோடு ஓயாமல் கத்திக் கத்தி பேட்டரியைக் காலி செய்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் மேலே எடுத்து, முழு சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரிகளை மாற்றிப் போட்டு, மறுபடி இறக்கி, என் மனைவியின் முறை.

டெய்லர் கடைசி நோடை விட்டுவிட்டுக் கரையேறினார். லேப்டாப்புக்கு மேலே நான் குடை பிடித்து நின்றேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேல் நோடுகள் பேசின. நடு நோடுகள் பேசின. அடி நோடு பேசவில்லை. கைடு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி எதையும் தொடவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் பேசாமல் இருந்தேன். டெய்லர் வாய்க்குள்ளேயே ஜெபம் செய்வது உதட்டில் தெரிந்தது.

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“வந்துருச்சா கண்ணு? அடியில இருந்தா?” என்றார் அக்கா.

“ஆமாங்க்கா.”

“என்ன சொல்லுது?”

“தண்ணி ஜில்லுனு இருக்குதாமுங்க. மேல இருக்கறதவிட நாலு டிகிரி கம்மி.”

அக்கா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “அடக் கெரகமே! இத எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே. இதுக்கா இத்தன பேரு?”

வரிகள் வந்துகொண்டே இருந்தன. சாப்பாட்டு நேரம் தாண்டியது, சாயங்காலப் போண்டா நேரம் தாண்டியது, அடி நோடு விடாமல் தண்ணீர் குளிர்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்ததும் கைடு இரண்டு முறைகளின் பேட்டரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“மிச்சமாகுதும்மா. ஆனா நீங்க கம்ப்யூட்டர்ல காட்டுனதுல பாதிதான் இருக்கு.”

“பாதிதான் சார்” என்றாள் அவள். “ஆனா இது பாறைக்குழியில வந்த பாதி.”

அவர் நிமிர்ந்து குழியைப் பார்த்தார். மிதக்கும் பாட்டில்களை, டியூபை, ஈரத் துண்டோடு நிற்கும் டெய்லரை, குடையோடு நிற்கும் என்னைப் பார்த்தார். “இந்தப் பாதியப் புத்தகத்துல மேல போடுங்க. கம்ப்யூட்டர் கணக்க அதுக்குக் கீழ போடுங்க” என்றார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “யாராவது பேனா வெச்சிருக்கீங்களா?” என்றார்.

எங்களிடம் பேனா இல்லை. தைக்கும் அளவைத் துணியில் குறிக்கும் சாக்குக் கட்டி ஒன்று என் பையில் இருந்தது. நீட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். கடைசியில் டேங்கர் டிரைவர் தன் காதில் செருகியிருந்த பேனாவைக் கொடுத்தார். கைடுக்கு வைத்து எழுத இடம் இல்லை. நான் குனிந்து முதுகைக் காட்டினேன். முதுகில் பேனா ஓடுவது குறுகுறுத்தது. “அசையாதீங்க சார்” என்று அவர் சொன்னது கேட்டது. என்னை சார் என்று கூப்பிட்ட முதல் பேராசிரியர் அவர்தான். அதுவும் நான் மேசையாக இருந்தபோது.

நிமிர்ந்து பார்த்தபோது தாள் என் மனைவியின் கையில் இருந்தது. பால்பாயின்ட் பேனாவின் மை காயக் காத்திருக்கத் தேவையில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்தக் கையெழுத்தின் மேல் அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.